இருபத்தேழாயிரத்து நானூறு

பிப்ரவரி 6, செவ்வாய்

என் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று என் மகனுக்குத் தெரியும். என் மருமகளுக்குத் தெரியும். கடைத்தெரு டாக்டருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாமல் பதினெட்டு நாள் மறைத்து வைத்திருக்கிறார்கள். இது எனக்குச் செய்யப்பட்ட அநியாயம். தேதி போட்டு எழுதுகிறேன். பின்னால் யாரும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லக் கூடாது.

காகிதம் கிடைத்தது தற்செயலாக. மருமகள் மங்கையின் தையல் மெஷின் டிராயரில் ஊசி தேடினேன். பொத்தான் டப்பாவுக்கு அடியில் நான்காக மடித்துக் கிடந்தது. மேலே என் பெயர்: தனபாக்கியம், 66, பெண். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மொத்த வெள்ளை அணுக்கள் 27,400. இருக்க வேண்டியது 4,000 முதல் 11,000 வரை. அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம், பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல், அதன் பின் ஒரு கேள்விக்குறி. எழுத்துக் கூட்டினேன். லுக்கீமியா.

எனக்குப் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. மிச்சத்தைப் பண்ருட்டி முந்திரிக் கம்பெனியில் அட்டைப் பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டுகளைப் பார்த்து நானே படித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் பருப்பை ரகம் பிரித்திருக்கிறேன். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் மற்றவர்கள் பிரித்ததைச் சரிபார்க்கும் வேலை. என்னிடமா ஒரு சீட்டை மறைப்பது?

பொங்கல் முடிந்த கையோடு கண் முகாமில் என் வலது கண்ணுக்கு ஆபரேஷன் என்று பெயர் எழுதி ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, தள்ளி வைத்துவிட்டார்கள் என்று குணசீலன் சொன்னான். நம்பினேன். பெற்ற பிள்ளை பொய் சொல்லுவான் என்று யார் நினைப்பார்கள்.

இன்று மத்தியானம் எனக்குப் பிடித்த மீன் குழம்பு. இந்தப் பதினெட்டு நாளில் இது ஐந்தாவது தடவை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது.

காலை ஒரு செட்டு, மாலை ஒரு செட்டு போட்டேன். முட்டி பரவாயில்லை.

பிப்ரவரி 7, புதன்

குணசீலன் வேலைக்குக் கிளம்பும்போது காகிதத்தை அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மின்வாரியத்தில் லைன்மேன். மழையிலும் கம்பம் ஏறுகிறவன். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒனக்குத் தெரிஞ்சா நீ தாங்கமாட்டன்னு டாக்டர்தாம்மா சொன்னாரு."

"தாங்குறது என் ஒடம்பு. அவரு ஒடம்பா?"

மங்கை அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். நானே கேட்டுக் கேட்டு வாங்கினேன். முகாமில் கொடுத்த காகிதத்தைக் கடைத்தெரு டாக்டரிடம் காட்டினானாம், அவர்தான் சிவப்பு வட்டம் போட்டு, ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று சொன்னாராம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படி அழைத்துப் போவது, என்ன பொய் சொல்லி அழைத்துப் போவது என்று இரண்டு பேரும் தினமும் யோசித்துக்கொண்டு இருந்தார்களாம்.

"இருக்குன்னு சொன்னாரா, இருக்கலாம்னு சொன்னாரா?"

"இருக்கலாம்னு."

"அப்ப எழுந்து வேலைக்குப் போ."

இருக்கலாம் என்று நினைத்து ஒரு டின் பருப்பை நான் ஒதுக்கியதில்லை. தட்டில் கொட்டி, விரலால் பரப்பி, கண்ணால் பார்த்து ஒதுக்குவேன்.

காலை மாலை செட்டு.

பிப்ரவரி 8, வியாழன்

யாரோடும் பேசவில்லை. தோசை ஐந்து சாப்பிட்டேன். இந்தப் பசி எங்கிருந்து வருகிறதோ. செட்டு இரண்டு.

பிப்ரவரி 10, சனி

கிளை நூலகத்துக்குப் போனேன். ரத்தத்தைப் பற்றித் தமிழில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது, அதுவும் அட்டை இல்லாமல். பூதக்கண்ணாடியோடு பதினொரு மணி முதல் நான்கு மணி வரை உட்கார்ந்தேன். வலது கண்ணில் எழுத்து பால் ஊற்றியதுபோல் தெரிகிறது. இடது கண்ணை வைத்தே ஓட்டினேன்.

படித்ததை எழுதுகிறேன். வெள்ளை அணு ஒன்று அல்ல, ஐந்து ரகம். சீழ், காய்ச்சல், தீக்காயம், அடிபடுதல் என்று எது வந்தாலும் உடம்பு இவற்றைக் கூட்டும். கூட்டுவது அதன் வேலை, அது நோய் அல்ல. அப்படிக் கூடும்போது வெளியே வருவதில் பெரும்பாலும் முற்றிய அணுக்கள். புற்றுநோயில் எலும்புக்குள் இருக்க வேண்டிய பிஞ்சுகளும் முற்றாமலே வெளியே வந்துவிடும். ஆகவே எத்தனை என்று எண்ணினால் போதாது, எது எத்தனை என்று பார்க்க வேண்டும்.

இதற்குப் புத்தகம் வேண்டியதே இல்லை. எங்கள் கம்பெனியில் 210 என்றால் பெரிய பருப்பு, 320 என்றால் சின்னது. ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு பிடிக்கிறது என்ற கணக்கு அது. விஷயம் தெரியாதவன் 320தான் உசத்தி என்று நினைப்பான். எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்களும் சந்தோஷப்படுகிறவர்களும் ஒரே ஜாதி.

அந்தக் கண் முகாம் காகிதத்தில் மொத்த எண் மட்டும்தான் இருக்கிறது. ரகம் பிரிக்கவே இல்லை. பிரிக்காமலே சிவப்பு வட்டம்.

வரும் வழியில் கஜேந்திரன் மெடிக்கலில் பதினைந்து நாளுக்குச் செட்டு வாங்கினேன். காகித உறையில் ஒவ்வொரு செட்டும் நான்கு மாத்திரை: மஞ்சள் பெரியது, ரோஸ், வயிற்றுக்கு ஒரு குழல், ஒரு குட்டி வெள்ளை. முட்டிக்குக் கேட்கிறது எது என்று முன்பே ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன். குட்டி வெள்ளைதான் வேலை செய்கிறது. அதனால் எனக்கு மட்டும் அதை இரண்டாகப் போடுவான். இதுவும் யாரும் சொல்லித் தரவில்லை, நானாகப் பிரித்துப் பார்த்ததுதான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கடைத்தெரு டாக்டரிடம் நானே போனேன். துணைக்கு மங்கை வந்தாள். அவர் மங்கையைப் பார்த்துத்தான் பேசினார். பாட்டியைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லும்மா என்றார். எனக்கு நாற்காலி இங்கேயே இருக்கிறது என்றேன். மகனை வரச் சொல்லுங்கள் என்றார். ரத்தம் மகனுடையது இல்லை என்றேன். வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள். அவருக்கு அவசரம். எனக்கு இல்லை.

கடைசியில் பேசினார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். 28,100. காய்ச்சல் உண்டா, புண் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டார். ஒன்றும் இல்லை, எடை கூடித்தான் இருக்கிறது என்றேன். வேறு மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றார். கிடையாது என்றேன். நான் எந்த டாக்டரிடமும் போகிறவள் அல்ல, மருந்து எங்கிருந்து வரும்?

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

பஸ்ஸில் மங்கை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முகம் பூசினாற்போல் இருக்கிறது அத்தை என்றாள். புகழ்கிறாளா, சொல்லிக்காட்டுகிறாளா, அவள் பேச்சில் கண்டுபிடிக்க முடியாது.

செட்டு இரண்டு.

பிப்ரவரி 15, வியாழன்

முன்கையில் கருநீலமாக ஒரு திட்டு. எங்கே இடித்தேன் என்று தெரியவில்லை. புத்தகத்தில் இதைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அதை நான் போன சனிக்கிழமை இங்கே எழுதவில்லை.

பிப்ரவரி 17, சனி

பச்சைப் பட்டுப்புடவையை வெயிலில் காயவைத்து மடித்து மங்கையின் அலமாரியில் வைத்தேன். என் பெட்டியில் இடம் போதவில்லை, அதனால்தான். மூக்குத்தியையும் அதே மடிப்பில் வைத்தேன். அவள் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கவில்லை. இரண்டையும் திரும்பக் கொண்டுவந்து என் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போனாள். இடம் இருந்தது.

செட்டு இரண்டு. தூக்கம் சரியில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

புதுச்சேரி. காலை ஐந்தரை பஸ். மங்கை இட்லி கட்டிக்கொண்டாள். குணசீலனுக்கு லீவு கிடைக்கவில்லை. நல்லது. அவன் வந்திருந்தால் அவனைத் தேற்றவே நேரம் போயிருக்கும்.

ரத்த வியாதிப் பிரிவில் டாக்டர் ரெஹானா என்று ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மங்கையைப் பார்க்கவே இல்லை. இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை மன்னிக்கலாம், பின்னால் என்ன செய்தாலும்.

கட்டிலில் படுக்கவைத்து இடது விலாவுக்குக் கீழே அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னார். மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை என்றார். அது பெருத்திருந்தால் யோசிக்க வேண்டுமாம். கழுத்து, அக்குள் எல்லாம் தடவிப் பார்த்தார். கட்டி இல்லை.

"நேரா சொல்லுங்க டாக்டர். அதுவா, இல்லையா?"

"இன்னிக்கு ரெண்டுமே சொல்லமாட்டேன்மா. ரத்தத்தக் கண்ணாடியில தடவிப் பாக்கணும். ஒரு ஜீன் சோதனைக்கு அனுப்பணும், அது வர ரெண்டு வாரம் ஆகும். பாத்துட்டு ஒங்ககிட்டதான் சொல்லுவேன். வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

ஜீன் சோதனை என்பது ஒருவகை ரத்தப் புற்றுநோயில் மட்டும் இரண்டு துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்குமாம், அந்த ஒட்டு இருக்கிறதா என்று தேடுவது. இருந்தால் அது. அதற்கும் இப்போது தினம் ஒரு மாத்திரை இருக்கிறது, பல வருடம் நன்றாக இருக்கிறார்கள் என்றும் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

தினமும் ஏதாவது மருந்து உண்டா என்று இவரும் கேட்டார். இல்லை என்றேன். மங்கை என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒரு வாதாம் மரம், இலை சிவந்து இருந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

மறுபடி புதுச்சேரி, கண்ணாடியில் தடவிய ரத்தத்தின் முடிவு கேட்க. பஸ்ஸில் நெய்வேலிக்காரர் ஒருவர் தன் மகளின் திருமணச் செலவை நூறு பேர் கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தார். இவ்வளவு சத்தமாகப் பேச என்ன இருக்கிறது.

நடந்ததை எழுத வேண்டும். எழுதுகிறேன்.

பரிசோதனை அறையில் பிரான்சிஸ் என்று ஒருவர். ஓய்வு பெறும் வயது. மிஷின் எண்ணிக் கொடுத்தாலும் சந்தேகமானதைத் தன் கண்ணால் எண்ணுவது அவர் வேலை. எனக்கும் பார்க்க வேண்டும் என்றேன். வழக்கம் இல்லை என்றார். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

மைக்ராஸ்கோப்பில் இடது கண்ணை வைத்துப் பார்த்தேன். இளஞ்சிவப்புத் தரையில் ஊதாப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று நான்கு முடிச்சு. அப்படி முடிச்சு முடிச்சாக இருந்தால் முற்றியது என்றார். ரகத்துக்கு ஒரு பொத்தான் வைத்த ஒரு பெட்டி அவர் கைக்குக் கீழே இருந்தது. கண் குழாயில், விரல் பொத்தானில். கண்ணை எடுக்காமலே ஐந்து விரலும் ஐந்து ரகத்தைப் பிரித்தன. நாங்களும் இப்படித்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்போம், கை தானாக ஒதுக்கும்.

"நூறு எண்ணுறதுதான் வழக்கம்மா. ஒங்களுக்கு எரநூறு எண்ணுனேன்," என்றார். "பிஞ்சு ஒண்ணுகூட இல்ல. அது நல்லதுதான். ஆனா ஈசினோபில்னு ஒரு ரகம், அதுவும் ஒண்ணுகூட இல்ல. நம்ம பக்கத்துல தூசி, பூச்சி, அலர்ஜின்னு எல்லார்க்கும் ரெண்டு மூணாவது இருக்கும். இது யாரோ வெரட்டி விட்டாப்ல இருக்குது."

அவரே டாக்டரை அழைத்தார். ரெஹானா சீட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தை, பிறகு கையில் இருந்த கருநீலத்தை. மறுபடியும் அதே கேள்வி. ஏதாவது மாத்திரை?

இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மங்கை பையிலிருந்து காகித உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். என் தலையணைக்கு அடியில் இருந்தது. கேட்காமல் எடுத்திருக்கிறாள்.

"அது மருந்து இல்ல," என்றேன். "அது செட்டு."

டாக்டர் சிரிக்கவில்லை. குட்டி வெள்ளையை விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். இது ஸ்டீராய்டு மாத்திரை மாதிரி இருக்கிறதே என்றார். எத்தனை நாளாக என்று மங்கையைக் கேட்டார்.

"ஒரு மாசம் இருக்கும் டாக்டர்."

அங்கேயே விட்டிருக்கலாம். ஒரு மாதம் என்றால் குற்றமும் சின்னதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தப்பான கணக்கைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. என் பழக்கம் அப்படி.

"நூத்தி நாப்பத்தெட்டு நாள்," என்றேன். "செப்டம்பர் இருபத்தெட்டுல ஆரம்பிச்சது. மொதல்ல காலையில மட்டும். டிசம்பர் பன்னண்டுலேந்து ரெண்டு வேள, வேளைக்குக் குட்டி ரெண்டு."

அவர் நம்புவதற்காக, செப்டம்பர் பக்கங்களும் உள்ள இந்த நோட்டையே எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறர் எனக்குச் செய்த அநியாயங்களை எழுதி வைத்த நோட்டு. அவர் அதையெல்லாம் தாண்டித் தாண்டி ஒவ்வொரு நாளின் கடைசி வரியை மட்டும் படித்தார்.

பிறகு சொன்னார். ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓய்வாக இருக்கும் வெள்ளை அணுக்களைக் குட்டி வெள்ளை தட்டி ஓட்டத்தில் இறக்கிவிடும், எலும்பிலிருந்தும் இழுத்துவரும். எண் ஏறும். ஈசினோபில் மறைந்துபோகும். சர்க்கரை ஏறும், முகம் உப்பும், பசிக்கும், தூக்கம் போகும், தொட்டால் கன்றும். கண்ணில் புரைகூட அதனால் முற்றும். என் நோட்டைப் பார்த்து வாசிப்பதுபோல் இருந்தது.

"ஆனா இருபத்தெட்டாயிரம்ங்கறது இதுக்கும் கொஞ்சம் ஜாஸ்திதான். அதனால ஜீன் சோதனை வர்ற வரைக்கும் நான் முடிவா சொல்லமாட்டேன். ஒண்ணு ஞாபகம் வச்சிக்குங்க, இத திடீர்னு நிறுத்தக் கூடாது. ஒடம்பு சொந்தமா சுரக்கறத மறந்திருக்கும். கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

எந்த வாரம் எவ்வளவு என்று சீட்டு எழுதி, மாத்திரையும் கொடுத்தார்.

பஸ்ஸில் மங்கையோடு பேசவில்லை. தலையணையில் கை வைத்ததற்கு.

பிப்ரவரி 23, வெள்ளி

மிச்சம் இருந்த செட்டை உறையோடு சாக்கடையில் கொட்டினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டையும் மாத்திரையையும் தொடவில்லை. கெட்டது என்று தெரிந்தபின் கொஞ்சங்கொஞ்சமாக ஒதுக்குகிறவள் நான் அல்ல. செட்டு இல்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

அத்தையால் எழுத முடியவில்லை. நான் மங்கையர்க்கரசி எழுதுகிறேன். நாள் விட்டுப் போனால் அத்தைக்குப் பிடிக்காது. நேற்று முழுக்க வாந்தி. இன்று காலை குழாயடியில் மயங்கி விழுந்துவிட்டார்கள். ரெஹானா டாக்டர் கொடுத்த நம்பருக்குப் பேசினேன். உடனே மாத்திரையைக் கொடுத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார், அங்கே என்ன ஊசி போட வேண்டும் என்றும் எழுதிக்கொள்ளச் சொன்னார். ஊசியும் குளுக்கோஸும் ஏறியது. இப்போது பரவாயில்லை. ரசம் சாதம் நாலு வாய் சாப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு இருக்கிறார், உள்ளே வரப் பயம்.

அன்று தலையணையிலிருந்து எடுத்தது தப்புதான் அத்தை. வேறு வழி தெரியவில்லை.

பிப்ரவரி 28, புதன்

மங்கை எழுதியதில் ஒரு திருத்தம். நான் மயங்கி விழவில்லை, உட்கார்ந்தேன். தரை கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி மாத்திரை, காலையில் டாக்டர் சொன்ன அளவு. மங்கை எதிரில் நின்று பார்த்தாள். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினேன்.

மார்ச் 2, சனி

கஜேந்திரன் கடைக்குப் போனேன். நடக்க வலி. பழைய வலி, அதே இடத்தில், ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்திருக்கிறது. கடையில் ஐந்தாறு பேர் இருக்கும்போதே கேட்டேன், அந்தக் குட்டி வெள்ளைக்குப் பெயர் என்ன, உறைமேல் ஏன் எழுதவில்லை என்று.

அவன் முதலில் மழுப்பினான். பிறகு கோபம் வந்துவிட்டது. "ஒண்ணு போதும்னேன். நீங்கதான பெரியம்மா, ரெண்டா போடு, எனக்குத் தெரியும்னு சொன்னீங்க?"

சொன்னது உண்மை. ஆனால் நான் கேட்டேன் என்பதற்காக அவன் கொடுக்கலாமா? பக்கத்தில் செட்டு வாங்க நின்ற கொத்தனார் ஒருவர் உறையைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போனார். வந்ததற்கு அது போதும்.

மார்ச் 5, செவ்வாய்

மூவரும் போனோம். குணசீலன் லீவு போட்டான். டாக்டர் அறைக்குள் அவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பத்தொரு வயது.

டாக்டர் காகிதத்தை என்னிடம் கொடுத்தார். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தேன். அவசரப்படாதீர்கள் என்று அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒட்டு இல்லை. தேடினார்கள், இல்லை.

எண் 17,800.

முழுக்கத் தெளிய இன்னும் ஒரு மாதம் பார்க்க வேண்டும், மருந்து குறையக் குறைய எண்ணும் கூடவே இறங்க வேண்டும், இறங்கினால்தான் காரணம் அதுதான் என்று நான் கையெழுத்துப் போடுவேன் என்றார். இது எனக்குப் பிடித்தது. ஒரு தட்டைப் பார்த்துவிட்டு முழு லாட் சரக்குக்கும் முத்திரை குத்துகிறவரை நான் நம்பமாட்டேன்.

கடைத்தெரு டாக்டரைப் பற்றிப் புகார் சொன்னேன். அவர் சந்தேகப்பட்டது தப்பில்லை, அந்த எண்ணைப் பார்த்தால் நானும் சந்தேகப்படுவேன், அனுப்பியதும் சரிதான் என்றார். மறைத்தது என்றேன். அது தப்புதான் என்றார்.

குணசீலன் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று டீ சொன்னான். எனக்குச் சர்க்கரை இல்லாமல்.

மார்ச் 11, திங்கள்

முதல் முந்திரிப் பழம். பக்கத்துத் தோப்பிலிருந்து மங்கை வாங்கிவந்தாள். உப்புப் போட்டுச் சாப்பிட்டேன், ஒன்றுதான். முட்டிக்குப் பயிற்சி இருபது தடவை. வலிக்கிறது. வலிக்கிறது என்று எழுதலாமே தவிர அதற்குமேல் ஒன்றும் செய்வதற்கில்லை.

மார்ச் 19, செவ்வாய்

12,600. ஈசினோபில் இன்னும் இல்லை. மாத்திரை இப்போது பாதியிலும் பாதி. மங்கை அதை பிளேடால் வெட்டுகிறாள். சரிபாதியாக வெட்டத் தெரியவில்லை. வெட்டிய துண்டுகளை நான் சரிபார்த்துப் பெரியது சின்னது பிரித்து வைக்கிறேன்.

மார்ச் 27, புதன்

கண்ணாடியில் என் தாடை எலும்பு தெரிந்தது. இரண்டு தோசையோடு கை நின்றது. மங்கை மூன்றாவது ஊற்றிவிட்டாள், அதை அவளே சாப்பிட்டாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

8,900.

பிரான்சிஸ் சீட்டை டாக்டரிடம் அனுப்பாமல் தானே கொண்டுவந்தார். ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். ஈசினோபில்: 3.

"வந்துட்டாங்க," என்றார். "மூணு பேரு."

அவர் சிரித்தார், நானும் சிரித்திருப்பேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். இது ரத்தப் புற்றுநோய் அல்ல என்று தமிழில் எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார். கண் ஆபரேஷனுக்குச் சம்மதக் கடிதமும் வாங்கிக்கொண்டேன். தேதி ஏப்ரல் 24. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பச்சைப் பட்டுப்புடவையைப் பார்த்தேன். பெட்டியிலேயே இருக்கட்டும். ஆபரேஷன் முடிந்து கட்டு பிரிக்கிற அன்று கட்டிக்கொள்வேன்.

இந்த விஷயத்தை இதோடு முடிக்கிறேன். இனி நடக்க வேண்டியவை, யாரால் என்பதோடு:

கடைத்தெரு டாக்டர்: எண்ணைப் பார்த்தவுடன் சிவப்பு வட்டம் போடட்டும், ஆனால் ரகம் பிரித்துப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை எழுதட்டும். எழுதினால் ரத்தத்துக்குச் சொந்தக்காரரிடம் முதலில் சொல்லட்டும். நானே போய்ச் சொல்லப்போகிறேன். வெள்ளிக்கிழமை கூட்டம் குறைவு.

கஜேந்திரன்: உறைமேல் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுத வேண்டும். குட்டி வெள்ளையை டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் போடக் கூடாது, எவ்வளவு அதட்டிக் கேட்டாலும். மருந்து ஆய்வாளருக்கு மனு எழுதிவிட்டேன். அவன் பெயரை இன்னும் எழுதவில்லை. மாதக் கடைசி வரை பார்ப்பேன்.

செட்டு வாங்குகிற எல்லோரும்: டாக்டர் கேட்டால் அதையும் மருந்து என்று சொல்ல வேண்டும். சாப்பிடுகிறவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது. இதை நூலகத்துப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டப்போகிறேன்.

குணசீலன்: என் பெயர் போட்ட காகிதம் எதுவும் இனி என் கைக்கு வந்த பிறகுதான் அவன் கைக்குப் போக வேண்டும். ஆபரேஷன் அன்று அவன் வெளியே நிற்கட்டும். உள்ளே வந்தால் அழுவான்.

மங்கை: ஒன்றும் இல்லை. அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள்.

தனபாக்கியம்: முட்டிப் பயிற்சி தினமும் நாற்பது தடவை. மாத்திரைகளில் ரகம் பிரிக்கும் வேலையை விட வேண்டும். தலையணையில் கை வைத்தது சரிதான் என்று மங்கையிடம் சொல்ல வேண்டும், வாயால், நோட்டில் அல்ல. நாளைக் காலை, அவள் தோசை ஊற்றும்போது.